பேனலின் முதுகைப் பாருங்கள்

போன மே மாதம், அக்னி நட்சத்திர நேரம். குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நின்றிருந்தேன். மூன்று கிலோவாட் சோலார், போட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டுக்கார அம்மா படிக்கட்டு நிழலில் நின்றபடியே கேட்டார்: "ஏன் தம்பி, வெயிலு இந்த அடி அடிக்குது, கரண்டு மட்டும் ஏன் கொறஞ்சு போச்சு?"

வேலூர்ப் பக்கம் கோடை வந்தால் என் காதில் அதிகம் விழும் கேள்வி இது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. அதில் எழுதியிருக்கும் வாட், பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் மொட்டை மாடியில் மதியம் பேனல் 65 டிகிரிக்குக் காய்ந்துவிடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தாலே 14 சதவீதம் போச்சு; 3000 வாட் 2580 ஆகிவிடும். இது பழுதில்லை. பேனலுக்கு அடியில் காற்றுப் போக நல்ல இடைவெளி விட்டால் கொஞ்சம் மிஞ்சும்.

ஆனால் அந்த மாடியில் பாதிகூட வரவில்லை. குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். வெள்ளை ஷீட்டில் நாணயம் அளவுக்கு அங்கங்கே பழுப்பேறிக் கருகியிருந்தது. ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த பசை மட்டும். "ஃபாரின் மால், சீப்பா தர்றேன்" என்று யாரோ தலையில் கட்டிவிட்டார்கள். மானியமும் கிடைக்கவில்லை.

அந்த ஸ்டிக்கரில் 'ஐஇசி 61215' என்று இருந்திருக்க வேண்டும். 1906-ல் தொடங்கி ஜெனீவாவிலிருந்து இயங்கும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரம் அது. மாதிரிப் பேனலை மைனஸ் 40 டிகிரிக்கும் 85 டிகிரிக்கும் நடுவே 200 முறை குளிரவைத்துச் சூடாக்குவார்கள். 85 டிகிரி சூட்டில், 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் வைப்பார்கள். பனிக்கட்டி உருண்டையால் அடித்தும் பார்ப்பார்கள். பல நாட்டுப் பொறியாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய விதி அது. பருவநிலை மாற்றத்துக்கு எதிராக உலக நாடுகள் கைகோக்கின்றன என்று செய்தியில் வரும்போது என் நினைவுக்கு வருவது இந்த ஸ்டிக்கர்தான்.

பேனல் விலையும் அப்படிப் பல நாடுகளின் கை சேர்ந்து இறங்கியதுதான். சூரிய மின்சாரத்துக்கு உறுதியான விலை தரும் சட்டத்தை ஜெர்மனி 2000-ல் கொண்டுவந்தது, அதனால் தேவை பெருகியது, அப்புறம் சீனத் தொழிற்சாலைகள் பெருகின. 2010-லிருந்து பத்தே வருஷத்தில் பேனல் விலை சுமார் 90 சதவீதம் விழுந்தது. நடுவில் சண்டையும் உண்டு. உள்நாட்டுப் பேனல்தான் வேண்டும் என்ற நம் விதியை எதிர்த்து அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2016-ல் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. ஆனாலும் இன்று பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வேண்டுமென்றால் இந்தியாவில் செய்த பேனல்தான் போட வேண்டும்.

2023-ல் துபாயில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், 2030-க்குள் புதுப்பிக்கத்தக்க மின்திறனை மூன்று மடங்காக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. நல்லதுதான். ஆனால் 25 வருஷம் ஓட வேண்டிய பேனல் இரண்டே வருஷத்தில் கருகினால், அந்த வீடு திரும்பவும் நிலக்கரி மின்சாரத்தைத்தான் நம்ப வேண்டும். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பேனல் வண்டியில் வந்து இறங்கியதும், மேலே ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் திருப்பச் சொல்லுங்கள். ஐஇசி எண், வரிசை எண், வாட், மூன்றும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள். பில்லிலும் அதே வரிசை எண்கள் இருக்கட்டும். மீதிப் பணத்தை அப்புறம் கொடுங்கள்.