துறைமுகத்தில் மட்டும் ஏன் மழை?

போன ஆகஸ்டில் ரொறன்ரோ மச்சாள் குடும்பத்தோடு கரீபியன் பக்கம் கப்பல் பயணம் போனாள். டொமினிக்கா தீவின் ரோசோ துறைமுகத்திலிருந்து வீடியோ அழைப்பு எடுத்தாள். அங்கே காலை 8 மணி, கிளிநொச்சியில் மாலை 5.30. "ரெண்டு நாளா நடுக்கடலில வெயில் கொளுத்தினது. கரைக்கு வந்த உடன இப்பிடிக் கொட்டுது," என்று ஒரே புலம்பல். எங்கள் முற்றத்திலோ சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் இரண்டு இடத்திலும் வீசியது கடல் தாண்டி வந்த ஈரக்காற்றுத்தான்.

அவளுக்குப் பின்னால் மலை நின்றிருக்க வேண்டும். திரையில் முகில்தான் தெரிந்தது.

ஈரம் மட்டும் இருந்தால் மழை வராது. காற்று மேலே ஏற வேண்டும். ஏற ஏற அமுக்கம் குறைந்து காற்று விரியும், விரிந்தால் குளிரும். சைக்கிள் ரியூபின் வால்வைத் திறந்தால் சில்லென்று வருகிறதே, அதே கதைதான். 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குறையும். வெப்பமான கடல்காற்று 500, 600 மீற்றர் ஏறினாலே நீராவி ஒடுங்கி நீர்த்துளியாகி முகில் தொடங்கிவிடும். ஒடுங்கும் நீராவி வெப்பத்தை வெளிவிடுவதால் அதற்குமேல் காற்று குளிர்வது மெதுவாகிறது, மேலெழுவதும் சுலபமாகிறது. டொமினிக்காவின் உயர்ந்த சிகரம் 1,447 மீற்றர். கிழக்கிலிருந்து வரும் காற்று அதில் மோதி ஏறாமல் வேறெங்கே போகும்?

சரி, ரோசோ இருப்பது மேற்குக் கரையில். மழை மலையின் கிழக்குப் பக்கத்தில்தானே கொட்ட வேண்டும்? பெரும்பகுதி அங்கேயும் முகட்டிலும்தான் விழுகிறது. ஆனால் முகில்துளி மழைத்துளியாகப் பெருக அரை மணி வரை பிடிக்கும். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகக் காற்று அதற்குள் 12 கிலோமீற்றர் போய்விடும். அகலத்தில் 26 கிலோமீற்றரைத் தாண்டாத தீவில் மிச்ச மழை முகட்டைக் கடந்து இந்தப் பக்கம் சிந்துவதில் ஆச்சரியமில்லை. காற்றை மறைத்து, கப்பல் நிற்கத் தோதாகக் கடலை அமைதியாக்கித் தருவதும் அதே மலைதான். இரண்டில் ஒன்றை மட்டும் கேட்க முடியாது.

மூன்று நாள் கழித்து அரூபாவிலிருந்து வெயில் படம் அனுப்பினாள். அந்தத் தீவில் ஆக உயரமான இடமே 188 மீற்றர். வறட்சிக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் காற்றைத் தூக்க அங்கே எதுவும் இல்லை.

கிளிநொச்சி, வவுனியா எல்லாம் அடங்கிய எங்கள் வன்னியும் இந்த விஷயத்தில் அரூபாதான். வவுனியாவே கடல்மட்டத்திலிருந்து 100 மீற்றர் அளவுதான். ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும் மலைநாட்டின் வட்டவளையில் தென்மேற்குக் காற்று மழையாகக் கொட்டுகிறது. எங்கள் தலைக்கு மேலே சும்மா கடந்து போகிறது. நமக்கு மழை ஒக்டோபரிலிருந்துதான். முதலில் சூடேறிய நிலம் பின்னேரங்களில் காற்றை இடியோடு கிளப்பும். அப்புறம் வங்கக்கடலில் தாழமுக்கம் உருவாகும். நாலாபக்கக் காற்றும் அதை நோக்கிக் கூடி, நெருக்குண்டு மேலே ஏறும். இரணைமடுக் குளம் நிரம்புவது அந்த ஏற்றத்தில்தான்.

கிழக்குக் கரையில் இருப்பதால் முல்லைத்தீவுக் கடல் சோளகத்தில் அடங்கிக் கிடக்கும்; மேற்குக் கரை மீனவர்கள்கூட அப்போது வந்து கொக்கிளாய், நாயாறு பக்கம் வாடி (தற்காலிகக் குடில்) போடுவார்கள். மாரியில் வாடைக்காற்றை மறிக்க அங்கே ஒரு குன்றும் இல்லை. படகுகள் கரையேறிவிடும்.