கரைக்கு உயிர் இருந்தால்

"அண்ணாச்சி, எங்க மாமாவுக்கு ஆஞ்சியோ பண்ணிப் பாத்தாவ. ரத்தக்குழாய் ரெண்டாப் பிரியுத எடத்துல அடைப்பாம். போன வருசம் பெரியப்பாவுக்கும் அப்படித்தான், பிரியுத எடத்துல. அதென்ன கணக்கு?"

கேட்டவர் சேரன்மகாதேவிக்காரர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கிறார். பதிலையும் அவரே சொல்லிவிட்டார்: "வாய்க்கா பிரியுத எடத்துல தண்ணி மந்தப்படும், வண்டல் படியும். அதுமாரித்தானே?"

பாதி சரி. இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். தண்ணீர் மந்தப்படுவதும் உண்மை. ஆனால் படிவது வண்டல் இல்லை. வாய்க்கால் கரைக்கு உயிர் கிடையாது, ரத்தக்குழாயின் கரைக்கு உண்டு. வித்தியாசம் முழுக்க அங்கேதான்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி முதல் மயிரிழைக் குழாய் வரை, எல்லாவற்றின் உட்புறத்திலும் ஒரே ஓர் அடுக்கு செல்கள் தரை ஓடு பாவியதுபோல் பரவியிருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி சும்மா இருக்கிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க ஆய்வாளர், முயலின் பெருந்தமனித் துண்டில் இந்த அடுக்கு தேய்ந்துபோனால், குழாயைத் தளர்த்த வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் அதைத் தளர்த்துவதில்லை என்று காட்டினார். தளரச் சொல்லி உத்தரவு போடுவது இந்தச் செல்கள்தான். அந்த உத்தரவு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பின்னர் தெரிந்தது. 1998இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு. முயல் தமனியின் உட்புறத்தைத் தேய்த்துப் பார்க்கிறேன், பணம் கொடுங்கள் என்று இன்று யாராவது நம் ஊரில் விண்ணப்பம் போட்டால், "இதனால் ஊருக்கு என்ன லாபம்?" என்ற கேள்வியோடு அது திரும்பி வரும் என்பது என் எண்ணம்.

சரி, அடைப்புக்குப் போகும் முன் முள்ளுக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

காலில் உடைமுள் குத்துகிறது. முள்ளோடு கிருமியும் உள்ளே போகிறது. அங்கே காவலிருக்கும் செல்கள் ரசாயனக் குரல் எழுப்புகின்றன. படை ரத்தத்தில் இருக்கிறது, ஆனால் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறதே! ஓட்டத்தில் போகிற வெள்ளை அணுவை இந்தக் காலில், இந்த இடத்தில் எப்படி இறக்குவது?

எண்டோதீலியச் செல்லுக்குள் குச்சி குச்சியாகச் சில பொட்டலங்கள் இருக்கின்றன. 1964இல் வெய்பெல், பாலாடே என்ற இருவர் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து எழுதிவைத்தவை. குரல் கேட்டதும் சில நிமிடங்களில் பொட்டலம் பிரிந்து, பி-செலக்டின் என்ற புரதம் செல்லின் மேற்பரப்பில் வந்து நிற்கும். வெள்ளை அணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளை அது பிடிக்கும், உடனே விடும். அடுத்தது பிடிக்கும், விடும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேருக்கு முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கட்டையில் தேர் நின்றுவிடாது, கட்டைமேல் கட்டை விழ வேகம் அடங்கும். அப்படி வேகம் அடங்கிய வெள்ளை அணு சுவரோரம் உருண்டு வருகிறது. நிஜமாகவே உருள்கிறது. நுண்ணோக்கிக் காணொளியில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

உருளும்போது சுவரில் ஒட்டியிருக்கும் இன்னொரு ரசாயனத்தைத் தொட்டு, "இறங்கும் இடம் இதுதான்" என்று அறிகிறது. உடனே அதன் மேலுள்ள இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதங்கள் மடங்கிய கை விரிவதுபோல் நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றுகின்றன. நின்றாயிற்று. அப்புறம் தட்டையாகி, இரண்டு செல்களுக்கு நடுவே உடம்பை நுழைத்து வெளியேறுகிறது. வழிவிடுவதும் அந்தச் செல்களேதான், பக்கத்துச் செல்லோடு கோத்திருந்த பிடியைத் தளர்த்திக்கொடுக்கின்றன. இன்டெக்ரின் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. அவர்கள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏராளம், புண்ணிலோ சீழே கட்டாது. படை வண்டியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, இறங்க வழியில்லை. தொற்று மேல் தொற்றாக வந்து வாட்டும்.

இப்போது கிளை பிரியும் இடம். எண்டோதீலியச் செல்கள் ரத்தம் உரசிப்போவதை உணரக்கூடியவை. நேரான குழாயில் ஒரே சீராக உரசிக்கொண்டு போனால், ஓட்டத்தின் திசையில் நீண்டு படுத்து, நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, கதவை மூடி வைத்திருக்கும். குழாய் பிரியும் இடத்தில், பிளவு முனைக்கு எதிர்ப்புறச் சுவரோரம் ஓட்டம் மந்தப்பட்டு முன்னும் பின்னும் அலையும். அங்குள்ள செல்களுக்கு எந்தத் திசையில் படுப்பது என்றே தெரியாது. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. முள் குத்தாமலேயே அரைகுறை உஷார் நிலை.

அந்த வழியாக எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் சுவருக்குள் கசிந்து, சிக்கி, ஆக்சிஜனேற்றம் அடைகிறது. செல்கள் அதையும் முள்ளாகவே எடுத்துக்கொள்கின்றன. அதே பிடிப்பு, அதே உருளல், அதே கதவு திறப்பு. இந்த முறை வருவது மோனோசைட் என்ற வகை வெள்ளை அணு. உள்ளே போய் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்லாக மாறி, கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரைபோல் உப்பி அங்கேயே கிடக்கும். பிடுங்கிப் போட முள் இல்லாததால் சண்டை வருடக்கணக்கில் ஓயாது. புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் இதற்கு எண்ணெய் ஊற்றும்.

கவனியுங்கள், அடைப்பு வளர்வது குழாயின் உட்பரப்பின் மேல் அல்ல, சுவருக்குள்ளே, இந்தச் செல்களுக்கு அடியில். பூண்டும் இஞ்சியும் எலுமிச்சையும் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரைந்து ஓடும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அது வாய்க்கால் தூர்வாரும் கற்பனை. ரசத்தில் பூண்டு போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதை நம்பி மாத்திரையை விட்டவர்களைப் பார்த்த கோபத்தில் சொல்கிறேன்.

இந்த ஓயாத சண்டைக்கு அழற்சி என்று பெயர். அடைப்புக்கு அழற்சிதான் ஆதாரமா என்று நேரடியாகவே சோதித்தார்கள். 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வு. ஏற்கனவே மாரடைப்பு வந்த 10,000க்கும் மேற்பட்டவர்கள். இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதை மட்டும் மறிக்கும் ஊசி. கெட்ட கொலஸ்ட்ரால் குறையவில்லை, ஆனால் நடுத்தர அளவு போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு சேர்த்து சுமார் 15 சதவீதம் குறைந்தன. கூடவே, தொற்றால் இறந்தவர்கள் கொஞ்சம் கூடினார்கள். முள்ளுக்குத் திறப்பதும் கொழுப்புக்குத் திறப்பதும் ஒரே கதவல்லவா?

இவ்வளவையும் சொன்னதும் சேரன்மகாதேவிக்காரர் கேட்டார்: "அப்பம் மாமாவுக்கு வச்ச ஸ்டென்ட் மேலயும் இந்தச் செல்லு மொளைக்குமா?"

நல்ல கேள்வி. முளைக்கும். ஸ்டென்ட் என்பது குழாயை விரித்துவைக்கும் கம்பிவலை. பக்கத்துச் செல்கள் பெருகி, கம்பிமேல் படர்ந்து மூடும். மூடும்வரை வெறும் உலோகத்தில் ரத்தம் உறைந்துவிடக்கூடும். மருந்து பூசிய ஸ்டென்ட் என்றால் மூட இன்னும் நாளாகும். ரத்தம் உறையாமலிருக்க மாதக்கணக்கில் இரண்டு மாத்திரை கொடுப்பது அதனால்தான்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மாமா ஒண்ண நிறுத்திட்டாவளே அண்ணாச்சி."

இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன்.