கையெழுத்துப் போடும் முன் ஏறித் தொட்டியைப் பாருங்கள்

ஆடிக் காற்றில் பறந்துபோன ஒரு அரசுப் பள்ளியின் தண்ணீர்த் தொட்டி மூடியை, தை மாதம் வரைக்கும் யாரும் திரும்பப் போடவில்லை. உடுமலை, தாராபுரம் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குக் கூரை ஓடே நிற்காது, பிளாஸ்டிக் மூடி எங்கே நிற்கும்? அது பறந்ததில் யார் மேலும் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பள்ளி மேலாண்மைக் குழு கூடியதாகத் தீர்மான நோட்டில் எழுதியிருக்கும் ஒவ்வொரு மாதமும், “குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்யப்பட்டு நல்ல நிலையில் உள்ளது” என்று ஒரு வரி இருக்கிறது. கீழே பெற்றோர்களின் கையெழுத்து இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளும், அதே காம்பவுண்டில் இருக்கும் அங்கன்வாடிப் பிள்ளைகளும் அடுத்தடுத்து வாந்தி பேதியில் விழுந்த பிறகுதான் ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். உள்ளே அணில் செத்து மிதந்தது.

பிள்ளைகள் எல்லோரும் தேறிவிட்டார்கள். அதனால்தான் இதைப் பொறுமையாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

வட்டாரக் கல்வி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கூப்பிடுகிற ஊர்களுக்குப் போய் மேலாண்மைக் குழுப் பெற்றோர்களிடம் பேசுகிறேன். அந்தப் பள்ளிக் குழுவின் தலைவி, காலையில் கோழிப் பண்ணை வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருகிற பெண். நோட்டைக் காட்டிக் கேட்டேன். “ஏனுங்க அம்மிணி, இது உங்க கையெழுத்துதானுங்களா?” “ஆமாங்க. நோட்டு வீட்டுக்கு வந்துச்சுங்க. போடச் சொன்னாங்க, போட்டேனுங்க. எழுதியிருக்கறதப் படிக்கலீங்க. கவர்மென்டுப் பள்ளிக்கூடத்துல நாங்க போயி என்னத்தக் கேக்கறதுங்க?”

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கடைசிக் கேள்வி மேல்தான் கோபம். ஊர் ஊராக அதையே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

“கவர்மென்டுப் பள்ளி” என்று நாம் சொல்லும்போது, எங்கோ சென்னையில் இருக்கிற ஒருவர் அதைப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியைக் கண்காணிக்கிற வேலையைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. அந்தக் குழுவில் 4-இல் 3 பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுகிறவர், அவ்வளவுதான். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது மூன்றும் குழுவின் வேலை. அரசும் உள்ளாட்சியும் பணம் ஒதுக்குவதற்கு அந்த வளர்ச்சித் திட்டம்தான் அடிப்படையாக இருக்க வேண்டும் என்று 22-ஆம் பிரிவு சொல்கிறது. திட்டத்தில் எழுதாத கழிப்பறைக்கு எங்கிருந்து பணம் வரும்?

அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு உள்ளாட்சிக்கென்று தனியாகக் கடமைகளை அடுக்குகிறது. தன் எல்லைக்குள் இருக்கும் 14 வயது வரையிலான பிள்ளைகளின் பதிவேட்டை அது வைத்திருக்க வேண்டும். கட்டடமும் மற்ற வசதிகளும் செய்து தர வேண்டும். பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கும், பீகாரிலிருந்து நூல் மில்லுக்கும் வந்த குடும்பங்கள் இல்லாத வட்டாரம் இந்தப் பக்கத்தில் எது? அந்தப் பிள்ளைகளின் பெயர் உங்கள் ஊராட்சிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

அடுத்த குழப்பம், எதற்கெடுத்தாலும் தலைமையாசிரியரைப் பிடித்துச் சத்தம் போடுவது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடம், சுற்றுச்சுவர், கழிப்பறை எல்லாம் ஒன்றியத்தின் சொத்து. அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஊராட்சி செயலர். சத்துணவு என்றால் மறுபடியும் ஒன்றிய அலுவலகம். பாடம் நடக்கவில்லை, ஆசிரியர் போதவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். அங்கன்வாடி முழுக்க வேறு துறை. அதற்குக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். கோவை, திருப்பூர் மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சியும் உங்கள் வார்டு கவுன்சிலரும். நேராகத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தாலும், அந்த மனு சுற்றிக்கொண்டு இதே மேசைகளுக்குத்தான் வந்து சேரும். அதற்குள் ஒரு மாதம் போய்விடும்.

துறை உள்ளே இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். தலைமையாசிரியர் தனியாக எழுதுகிற கடிதத்துக்கு ஒன்றிய அலுவலகத்தில் பெரிய மரியாதை கிடையாது. அதே கோரிக்கை, பெற்றோர்கள் கையெழுத்திட்ட தீர்மானமாகப் போனால் அதைக் கோப்பில் ஏற்றியாக வேண்டும். “நாங்க கேட்டா எச்.எம். கோவிச்சுக்குவாங்க, பிள்ளையத்தான் பழி வாங்குவாங்க” என்று பயப்படுகிறீர்களே, நல்ல தலைமையாசிரியர்கள் பலர் நீங்கள் வந்து கேட்க மாட்டீர்களா என்று காத்திருக்கிறார்கள். பயமாக இருந்தால் தனியாகப் போகாதீர்கள். நான்கு அம்மாக்கள் சேர்ந்து போங்கள். குழுவின் பெயரில் கேளுங்கள்.

தீர்மான நோட்டைப் படிக்கிறதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். கூட்டம் நடந்ததாகப் போட்டிருக்கும் தேதியைக் காலண்டரில் பாருங்கள், லீவு நாளாக இருக்கிறதா என்று. நான்கு மாதத் தீர்மானங்களும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தால் அவை ஒரே நாளில் எழுதியவைதான். வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவே போடாதீர்கள். தலைவியும் தலைமையாசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் குழுவின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானிய விதிப்படி 30 பிள்ளைகளுக்கு மேல் 100 வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 250 வரை என்றால் 50,000 ரூபாய். அதில் 10-இல் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குச் செலவாக வேண்டும். ஒரு தொட்டி மூடி என்ன விலை இருக்கும்?

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு இருந்தால் அன்றைக்கே போட்டோ எடுங்கள், எழுதிக் கொடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

படிப்பு என்று வந்தால் குழுக் கூட்டங்கள் ஊமையாகிவிடுகின்றன. பெயின்ட், ஸ்மார்ட் போர்டு, ஆண்டு விழாப் பந்தல் எல்லாம் பேசுவோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் இருக்க வேண்டும். ஒருவர் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போய்விட்டால், மீதி ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் மேய்க்கிறார். அது எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுதுங்கள். கேட்கிறவர்கள் இல்லாத பள்ளியிலிருந்துதான் முதலில் ஆளை எடுப்பார்கள்.

இனி அங்கன்வாடிக்கு வருகிறேன். அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடித்தவர்களிலேயே சின்னப் பிள்ளைகள் அவர்கள்தான். ஆனால் பள்ளிக் குழுவில் “அது நம்ம பள்ளியில சேராதுங்க” என்றார்கள். அங்கன்வாடியில் கேட்டால் “தொட்டி பள்ளிக்கூடத்துதுங்க” என்றார்கள். ஒரே காம்பவுண்டு, ஒரே குழாய். அங்கன்வாடிக்கும் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு, வார்டு உறுப்பினர் தலைமையில். அப்படி ஒன்று இருப்பது தெரிந்த ஊரை நான் பார்ப்பது அபூர்வம். முட்டை வந்ததா, எடை போட்டார்களா, மூன்று வயதுப் பிள்ளைக்கு விளையாட்டும் பாட்டும் நடக்கிறதா என்று கேட்க வேண்டிய இடம் அது. சத்துமாவு வாங்கிக்கொண்டு போகிற இடம் மட்டும்தான் அங்கன்வாடி என்று இனிமேலும் யாரும் சொல்லாதீர்கள்.

திருப்பூர்ப் பக்கம் நிலைமை இன்னும் கவலை தருகிறது. அங்கன்வாடி சாயங்காலத்துக்கு முன்பே மூடிவிடும். பனியன் கம்பெனியில் அம்மா ஒன்றரை ஷிப்ட் முடித்து வர ராத்திரி ஆகும். நடுவில் பிள்ளை எங்கே? லைன் வீட்டில், ஒற்றை அறையில், ஒரு பாட்டியிடம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். சமைக்கிற அடுப்பும் அதே அறையில். பாட்டி மேல் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஆனால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 50 பெண்களுக்கு மேல் (1976 திருத்தத்துக்குப் பிறகு 30) வேலை செய்கிற இடத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்க்க விட வேண்டும் என்றார்கள். கம்பெனி முதலாளிகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பனியன் வாங்குகிற பையர் தணிக்கைக்கு வருகிற அன்றைக்கு மட்டும் பொம்மை அடுக்கி வைக்கிற அறை காப்பகம் ஆகாது. ஒரு ஆயா, ஒரு தொட்டில், பால் காய்ச்ச ஒரு இடம் கொடுங்கள். அம்மாக்களும், வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்.

பிளே ஸ்கூலில் விடுகிறவர்கள் அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பிள்ளையை அங்கே சேர்க்காதீர்கள்.

இப்போது ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பரில் நம் மாவட்டங்களில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். “தலைவரே இல்லீங்க, யாருகிட்டச் சொல்றது?” என்று அதற்குப் பிறகு பல ஊர்களில் கேட்டார்கள். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு நாள். அந்த நாளில் பள்ளிக் குழுத் தீர்மானத்தின் நகலைக் கொண்டு போய், கிராம சபைத் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுதும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எழுதி முடித்ததைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

தனியாகப் புகார் கொடுக்க வேண்டியிருந்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் கொடுக்கலாம். 3 மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மனுவில் பள்ளியின் பெயர், எந்தப் பொருள் எந்தத் தேதியிலிருந்து பழுது, ஏற்கெனவே யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்ற விவரம் இருந்தால் போதும், பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். கொடுத்த இடத்தில் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள். சீட்டில் தேதியும் முத்திரையும் இருக்கட்டும்.