செவுள் சொல்லாத சேதி

காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் மீனுக்கு விலை பேசுவதில்லை. செவுள் சிவந்திருக்க வேண்டும், கண் தெளிவாக மின்ன வேண்டும், விரலால் அமுக்கினால் சதை பள்ளம் விழாமல் எழும்ப வேண்டும். மீன் விற்கும் அம்மா முகம் சுளித்தாலும் சரி, என் அம்மா இந்த மூன்று சோதனையையும் முடித்த பிறகுதான் பையை நீட்டுவார்.

சென்ற மாதம் அடையாறில் ஒரு கடையில் புகையூட்டிய சால்மன் பாக்கெட்டைப் பார்த்தேன். காற்றை உறிஞ்சி ஒட்டிய உறைக்குள், ஆரஞ்சு நிறத்தில் தாள்போல் சீவிய துண்டுகள். நூறு கிராம் வாங்கும் காசில் ஒரு கிலோ சங்கரா வாங்கிவிடலாம். செவுளும் இல்லை, கண்ணும் இல்லை; அமுக்கினால் பிளாஸ்டிக்தான் அமுங்குகிறது. (நம் காலா மீனுக்கும் இந்தியன் சால்மன் என்று ஒரு பெயர் உண்டு. இரண்டுக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது.) உறையில் இருந்த இரண்டு குறிப்புகள் கண்ணில் பட்டன: சமைக்காமல் உண்ணலாம், 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். இரண்டாவதைக் காப்பாற்றாவிட்டால் முதலாவது ஆபத்தாகிவிடும். அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சால்மன் போன்ற வளர்ப்பு மீன் என்றதும் பலரும் பண்ணையைத்தான் சந்தேகிக்கிறார்கள். பண்ணையில் பாக்டீரியா தொல்லை பெரிதுதான். நார்வேயில் மலைகளுக்கு நடுவே நீளும் கடல் நீரில் வட்டமான வலைக்கூண்டுகள் மிதக்கின்றன. ஒரே கூண்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் இருக்கலாம். அந்த நெருக்கடியில் ஏரோமோனாஸ் சால்மோனிசிடா போன்ற பாக்டீரியா நுழைந்தால் கட்டி கட்டியாகப் புண் வந்து மீன்கள் கொத்துக் கொத்தாகச் சாகும். 1987இல் நார்வேப் பண்ணைகள் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக்கைப் பயன்படுத்தின. அன்றைக்கு மொத்த அறுவடையே ஐம்பதாயிரம் டன் அளவில்தான் இருந்தது. பிறகு எண்ணெய் கலந்த தடுப்பூசி வந்தது. குஞ்சுகள் நன்னீர்த் தொட்டியில் இருக்கும்போதே மயக்கம் கொடுத்து, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஊசி போடுகிறார்கள். ஆம், ஒவ்வொரு மீனுக்கும். இன்று அறுவடை 15 லட்சம் டன். ஆன்டிபயாடிக் ஆண்டுக்கு ஒரு டன்கூட ஆவதில்லை. சிலி நாட்டின் நிலை அப்படியல்ல. அங்கே பிஸிரிக்கெட்சியா என்ற வேறொரு பாக்டீரியாவுக்குத் தடுப்பூசி சரியாகப் பலிக்காததால் இன்னும் நூற்றுக்கணக்கான டன் மருந்து செலவாகிறது. மருந்துக்கு மசியாத கிருமிகள் உருவாகும் என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

ஆனால் மீனைக் கொல்லும் இந்தப் பாக்டீரியா நம்மைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை. ஏரோமோனாஸ் சால்மோனிசிடாவுக்குக் குளிர்ந்த நீர்தான் தாய்வீடு. நம் உடலின் 37 டிகிரி அதற்குத் தாங்காத வெயில். நம்மைக் கொல்லக்கூடியது லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற வேறொரு பாக்டீரியா. அது பொதுவாக மீனை ஒன்றும் செய்வதில்லை. பண்ணைக்காரருக்கும் தட்டில் வைத்துச் சாப்பிடுபவருக்கும் எதிரி ஒருவரல்லர்.

லிஸ்டீரியா மண்ணிலும் ஆற்று நீரிலும் கால்நடைச் சாணத்திலும் இருப்பது. 1926இல் கேம்பிரிட்ஜில் செத்துப்போன ஆய்வக முயல்களிடமிருந்து இதைப் பிரித்தெடுத்து விவரித்தார்கள். பின்னர் அறுவை அரங்கைக் கிருமி நீக்கம் செய்யக் கற்றுக்கொடுத்த ஜோசப் லிஸ்டரின் பெயரைச் சூட்டினார்கள். கிருமிநாசினி தெளித்த ஆலைகளிலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு இப்படி ஒரு பெயர்!

இதன் பெரிய சாமர்த்தியம் குளிரில் பெருகுவது. மார்கழி வந்தால் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிடுகிறது, பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் வழக்கம்போல் ஊற்றுகிறது அல்லவா? இரண்டும் எண்ணெய்தான், உள்ளே இருக்கும் கொழுப்பு அமிலங்களின் வடிவம்தான் வேறு. ஒவ்வொரு பாக்டீரியாவையும் சுற்றி இப்படி ஒரு கொழுப்புச் சவ்வு உண்டு. குளிரில் அது இறுகினால் உணவு உள்ளே வராது, கழிவு வெளியே போகாது, செல் முடங்கிவிடும். லிஸ்டீரியாவோ குளிர் கூடும்போது சவ்வின் கொழுப்பையே மாற்றிக்கொள்கிறது. கிளை பிரிந்த, குட்டையான கொழுப்பு அமிலங்களைக் கூட்டிவிடுகிறது. அவை நெருக்கமாக அடுக்கி நிற்காததால் சவ்வு இளகியே இருக்கிறது. அதோடு பீட்டெய்ன், கார்னிட்டின் என்ற சிறு மூலக்கூறுகளை உணவிலிருந்தே உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கிறது. இவை குளிரையும் உப்பையும் ஒருசேரத் தாங்க உதவும். நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்பிலும் இது வளரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கு ஐஸ் மீது இருக்கும் நம்பிக்கைக்கு ஒரு நியாயம் உண்டு. வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பான நீரில் பிடித்த மீனில் இருக்கும் பாக்டீரியாவில் பெரும்பகுதி வெப்பத்துக்குப் பழகியது. ஐஸில் போட்டதும் திகைத்து நின்றுவிடுகிறது. அதனால்தான் நம் கடல் மீன், வடகடல் மீனைவிட ஐஸில் அதிக நாள் தாங்குகிறது. அங்கேயோ மீனைக் கெடுக்கும் பாக்டீரியாவே குளிருக்குப் பிறந்தது.

இனி ஆலைக்குள் போவோம். ஆரோக்கியமான மீனின் சதைக்குள் பாக்டீரியா கிடையாது. தோல், செவுள், குடல் ஆகியவற்றோடு சரி. அதை உள்ளே கொண்டுபோவது கத்தி. தலை வெட்டி, குடல் எடுத்து, முள் பிடுங்கி, உப்பிடுகிறார்கள். சில ஆலைகளில் வரிசையாக ஊசிகள் பாய்ந்து உப்புநீரைச் சதைக்குள் செலுத்துகின்றன. மீந்த உப்புநீர் வடிந்து மறுபடி அதே ஊசிகளுக்கு வரும்போது ஒரு மீனின் அழுக்கு அடுத்த மீனின் நடுச்சதைக்குப் போய்விடும். பிறகு புகை. புகை என்றதும் நாம் அடுப்புச் சூட்டை நினைக்கிறோம். இது குளிர்ப்புகை, 30 டிகிரியைத் தாண்டாது. சென்னையின் சித்திரை நிழலே இதைவிடச் சூடு. ஆக, கடலிலிருந்து தட்டு வரைக்கும் பாக்டீரியாவை நிச்சயமாகக் கொல்லும் கட்டம் ஒன்றுகூட இல்லை.

மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியவர்களுக்குச் சுவரில் படிந்த வழுவழுப்பு தெரியும். விரலால் தேய்த்தால் வழுக்கும், தண்ணீர் விட்டால் மட்டும் போகாது. பாக்டீரியா தானே சுரந்த பசைக்குள் கூட்டமாக வாழும் படலம் அது. சீவும் எந்திரத்தின் கத்தி அடியில், கன்வேயர் உருளையின் பொந்தில், தரையின் வடிகால் வாயில் லிஸ்டீரியா இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. கிருமிநாசினி மேலே ஓடிவிடும், அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். மறுநாள் காலை முதல் மீன் கத்தியில் படும்போது சில செல்கள் பெயர்ந்து வரும். கடைசியில் காற்றை உறிஞ்சி அடைக்கிறார்கள். நாறவைக்கும் பாக்டீரியாக்களில் பலவற்றுக்குக் காற்று வேண்டும், அவை அடங்கிவிடும். லிஸ்டீரியாவுக்குக் காற்று இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. மீன் கெடாமல் வாரக்கணக்கில் இருக்கிறது. அத்தனை வாரமும் அதற்கு அவகாசம். நாற்றமும் வராது, நிறமும் மாறாது. அம்மாவின் மூன்று சோதனையும் இங்கே செல்லாது.

2015 முதல் 2018 வரை டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் 12 பேர் லிஸ்டீரியாவால் நோயுற்றார்கள், 4 பேர் இறந்தார்கள். மூன்று நாடு, மூன்று ஆண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பே தெரியாது. அவர்களிடமிருந்து எடுத்த பாக்டீரியாவின் முழு மரபணுத் தொடரையும் படித்து ஒப்பிட்டபோதுதான் எல்லாம் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. தடம் போய் நின்றது, நார்வேயில் வளர்ந்த மீனைப் போலந்தில் பதப்படுத்திய சால்மனில். சாப்பிட்டு 70 நாள் கழித்தும் நோய் வெளிப்படலாம் என்பதால், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு மட்டும் இதைப் பிடிக்க முடியாது.

நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் நிலை வேறு. கிருமி குடல் சுவரைக் கடந்து ரத்தத்துக்கும் மூளைக்கும், கருவில் இருக்கும் குழந்தைக்கும் போய்விடுகிறது. தாய்க்கு லேசான காய்ச்சல்தான் தெரியும், கரு கலைந்துவிடவும் கூடும். இப்படித் தீவிரமானால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்கிறார்.

மீன் குழம்பு கொதிக்கும் வீட்டில் இந்தப் பயம் தேவையில்லை. மீனின் நடுப்பகுதி 70 டிகிரியில் இரண்டு நிமிடம் இருந்தாலே லிஸ்டீரியா செத்துவிடும். சால்மனை வஞ்சிரம்போல் மசாலா தடவி வறுத்தாலும் அப்படித்தான். (அந்த விலைக்கு வறுப்பதா என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.)

பச்சையாகச் சாப்பிடுபவர்களுக்காக ஒரு கணக்கு. ஒரு கிராமுக்கு ஒரு செல் இருக்கிறது என்று வையுங்கள். 4 டிகிரியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை இரட்டித்தால் 14ஆம் நாளில் 128. ஐரோப்பா உண்ணத் தயாரான உணவுக்கு வைத்திருக்கும் வரம்பு கிராமுக்கு 100. அதே பாக்கெட் 9 டிகிரியில் இருந்து, அரை நாளில் இரட்டித்தால் அதே 128ஐ எட்ட நான்கு நாள்கூட வேண்டாம்.

9 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. அன்று பாக்கெட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்து, ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு என் வீட்டு ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் ஒரு இரவு வைத்தேன். காலையில் 9 காட்டியது. உள் தட்டின் பின்புறத்தில் 4. கதவில் இருந்த பாலை அன்றே உள்ளே தள்ளிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது தண்ணீர் பாட்டில்களும் அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயும் நிற்கின்றன.