"ஃபியட் இரும்பு, இப்ப வர்றதெல்லாம் தகரம்" என்பவர்களுக்கு

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸுக்கு நஷ்டம் மதிப்பிட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். எந்த ஷெட்டுக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழாமல் இருக்காது: "என்ன சார் வண்டி இது, லேசா முட்டினதுக்கே முன்பக்கம் அப்பளமா நொறுங்கிடுச்சு, எங்கப்பாவோட ஃபியட்டா இருந்தா எதிர்ல வந்தவன் காணாமப் போயிருப்பான்."

அதில் பாதி உண்மை. ஃபியட் என்று நாம் சொல்லும், மும்பை குர்லாவில் செய்த பிரீமியர் பத்மினியின் பம்பர் குரோம் பூசிய இரும்புப் பட்டை. சிக்னலில் முட்டினால் நசுங்கின இடத்தை டிங்கர் சுத்தியலால் தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துச் சாயங்காலமே கொடுத்துவிடுவார். அதே முட்டு இப்போதைய மாருதி டிசையரில் என்றால் பிளாஸ்டிக் பம்பர், ஹெட்லைட், கிரில், ரேடியேட்டர் என்று எஸ்டிமேட் நீண்டுகொண்டே போகும். பில்லைப் பார்த்து வயிறு எரிவது நியாயம்தான்.

ஆனால் கனத்தை வைத்துப் பலத்தை அளப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பத்மினியின் எடை சுமார் 900 கிலோ, புதிய பெட்ரோல் டிசையரும் ஏறக்குறைய அவ்வளவேதான். அந்த இரும்பை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசமே. டிசையரில் முன்பக்கம் மடங்குவதற்கென்றே செய்தது, ஆள் உட்காரும் கூண்டு மடங்காமல் நிற்க உயர்வலிமை எஃகில் செய்தது.

கணக்கு எளிது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசை வண்டியை நிறுத்துகிறது. 15 சென்டிமீட்டரிலேயே நின்றால் அது 65 மடங்குக்கும் மேல். நசுங்காத வண்டி அந்த அடியை உள்ளே இருப்பவர் மீது இறக்கிவிடும். அப்புறம், பழைய வண்டி நசுங்காது என்பதும் பொய், வேகமான மோதலில் அது நசுங்கக் கூடாத இடத்தில், அதாவது கால் வைக்கும் இடத்திலும் கதவுத் தூணிலும்தான் நசுங்கும். பத்மினியின் ஸ்டியரிங் கம்பி மோதலில் தானாக மடங்கும்படி செய்ததல்ல. முன்பக்கம் பின்னால் தள்ளப்படும்போது அது நேராக ஓட்டுபவரின் நெஞ்சுக்குத்தான் வரும். இப்போதைய கார்களில் அது மோதும்போது உள்ளே மடிந்துகொள்ளும்.

நம்பிக்கை வராதவர்கள் அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐஐஎச்எஸ் 2009-ல் நடத்திய சோதனையின் வீடியோவைத் தேடிப் பாருங்கள். 1959 மாடல் செவர்லே பெல் ஏரையும் 2009 மாலிபு செடானையும் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் பாதி முகத்துக்குப் பாதி முகமாக மோதவிட்டார்கள். பெல் ஏர் படகு மாதிரி நீளம், முழுக்க இரும்பு. அதன் கேபின் சுருண்டுபோனது, உள்ளே மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு குறைவு. மாலிபுவில் ஆளுக்குப் பதில் உட்காரவைத்த சோதனைப் பொம்மைக்குக் காலில்தான் சின்ன அடி. பெரிய வண்டிக்கே அந்தக் கதி.

ஆசையாகப் பத்மினி வைத்திருப்பவர்களை விற்கச் சொல்லவில்லை. மெல்லிய தூண்கள், பெரிய கண்ணாடிகள், சுற்றிலும் நன்றாகத் தெரியும். இப்போதைய கார்களில் தடித்த முன்தூண் திருப்பத்தில் ஒரு பைக்கையே மறைத்துவிடுகிறது, அது நிஜமான குறைதான். ஆனால் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியை எடுத்துக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும்போது, முன்னால் போகிறவர் டிஸ்க் பிரேக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் வைத்துச் சட்டென்று நின்றுவிடுவார், நீங்கள் நிற்க மாட்டீர்கள். ஊருக்குள் ஓட்டுங்கள், இடைவெளி விடுங்கள், பெல்ட் இல்லாத பழைய மாடலாக இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பொருத்துங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது புது கார் வைத்திருப்பவர்கள். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பை அவர்களே கெடுத்துக்கொள்கிறார்கள். முன்னால் பம்பரில் 'புல் பார்' என்ற இரும்புக் கம்பி பொருத்துகிறார்கள். மடங்க வேண்டிய பாகத்தைத் தாண்டி அடி நேரே சேஸிக்குப் போகும், ஏர்பேக் சென்சாரும் ஏமாறலாம். மத்திய அரசு 2017-லேயே இதைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியாயிற்று. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களில் தடித்த ரெக்சின் கவரை இறுக்கித் தைத்துப் போட்டால் அது எங்கே பிய்த்துக்கொண்டு வெளியே வரும்? பெல்ட் போடாமலே பீப் சத்தத்தை நிறுத்த வெறும் கிளிப்பைச் செருகுவது இதையெல்லாம்விட மோசம், பெல்ட் இல்லாத முகத்தில் ஏர்பேக்கே ஓங்கி அறையும்.

செகண்ட் ஹேண்ட் செடான் வாங்கப் போகிறீர்களா? சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் அது எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். சரியாக எரிந்து அணைந்தாலும் நம்பிவிடாதீர்கள், வெடித்த ஏர்பேக்குக்குப் பதில், அது இருப்பதுபோல் காட்டும் சின்ன ரெசிஸ்டரை (மின்தடை) வைத்து ஏமாற்றிய வண்டிகளும் வருகின்றன. நம்பகமான மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஸ்கேனர் போட்டு, பானெட்டைத் திறந்து முன்சட்டங்களில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.