பாஸ் வரியின் மேல் எழுந்த பாலம்: பரோக் இசையும் ராக் இசையும் இணைவது எப்படி?

1965 முதல் 1968 வரையிலான சில ஆண்டுகளில், ஆங்கில பாப் இசைத்தட்டுகளில் அதுவரை தேவாலயங்களிலும் செவ்வியல் கச்சேரி அரங்குகளிலும் மட்டுமே கேட்டுவந்த ஒலிகள் திடீரெனப் பெருகின. பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்ட், நால்வர் நரம்பிசைக் குழு, குழல் ஆர்கன், பிக்கலோ டிரம்பெட் ஆகியவை மின்கிட்டாரோடும் டிரம்ஸோடும் சேர்ந்து ஒலித்தன. நியூயார்க்கைச் சேர்ந்த தி லெஃப்ட் பேங்க் குழு 1966-இல் வெளியிட்ட ‘வாக் அவே ரெனே’ பாடலுக்குப் பிறகு, இந்தப் பாணிக்குப் ‘பரோக் பாப்’, ‘பரோக் ராக்’ என்ற பெயர்கள் நிலைத்தன. பழைய வாத்தியங்களைப் புதிய பாட்டில் சேர்த்ததால் கிடைத்த அழகு என்றே பலரும் இதை விளக்குவார்கள். ஆனால் அந்த விளக்கம் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 1600-இலிருந்து 1750 வரை ஐரோப்பாவில் நீடித்த பரோக் இசையும், அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த ராக் இசையும் தம் எலும்புக்கூட்டிலேயே ஒத்திருக்கின்றன. இடையில் வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையைக் காட்டிலும் பரோக் இசையமைப்பாளர்களான யோஹான் செபாஸ்டியன் பாகும் அந்தோனியோ விவால்டியும் ராக் இசைக்கு இவ்வளவு எளிதாகப் பொருந்துவதற்கு அந்த ஒற்றுமையே காரணம்.

பரோக் கால இசைக்குழுவின் அடித்தளமாக இருந்த ஏற்பாட்டுக்கு ‘பாஸோ கன்டினுவோ’ என்று பெயர். இசையமைப்பாளர் மேலே பாடுபவருக்கான மெட்டையும் கீழே தாழ்ந்த சுரங்களாலான ஒரு பாஸ் வரியையும் எழுதி, பாஸ் சுரங்களின் அருகே 6, 7 போன்ற எண்களைக் குறித்து வைப்பார். செல்லோ அல்லது பஸூன் அந்த பாஸ் வரியை அப்படியே வாசிக்கும். ஹார்ப்சிகார்ட், ஆர்கன் அல்லது லூட் வாசிப்பவரோ எண்களைப் பார்த்து, எந்தச் சுரங்களைச் சேர்த்துக் கார்டு அமைக்க வேண்டும் என்பதை அந்த நொடியில் தாமே முடிவுசெய்வார். ராக் குழு ஒன்றின் ஒத்திகையிலும் நடப்பது ஏறத்தாழ இதுதான். பாஸ் கிட்டார் அடி வரியைப் பிடித்துக்கொள்ள, கிட்டார் அல்லது கீபோர்டு வாசிப்பவர் தாளில் எழுதியிருக்கும் கார்டுப் பெயர்களை மட்டும் பார்த்து மற்றதைத் தம் கற்பனையால் நிரப்புகிறார். இரண்டிலும் இசை கீழிருந்து மேலாகக் கட்டப்படுகிறது. இரண்டிலும் ஒரு பகுதி முழுவதும் காலப்பிரமாணம் பொதுவாக மாறாமல் ஓடுகிறது. எல்லாச் சுரங்களையும் எழுதிவைத்து, உணர்ச்சிக்கேற்ப வேகத்தை இழுத்தும் தளர்த்தியும் வாசிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமான்டிக் கால இசையின் மேல் டிரம்ஸைப் பொருத்துவது கடினம். விவால்டியின் மேல் அது சிரமமின்றி அமர்கிறது.

அடி வரி ஒன்று திரும்பத் திரும்ப வர, அதன் மேல் மெட்டு மட்டும் மாறிக்கொண்டே போகும் அமைப்பு பரோக் காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது. மான்டெவெர்டி 1638-இல் பதிப்பித்த ‘லமென்டோ டெல்லா நின்ஃபா’வில் ஸ, நி, த, ப என்று இறங்கும் நான்கு மைனர் சுரங்கள் இடைவிடாமல் சுழல்கின்றன. ஹென்றி பர்செல் தம் ‘டைடோ அண்ட் ஈனியஸ்’ இசை நாடகத்தின் இறுதிப் புலம்பலில் அதே இறக்கத்தை அரைச்சுரப் படிகளாக நறுக்கினார்: ஸ, காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், பிறகு இரு தைவதங்கள், கடைசியில் ப. அங்கே பாடகியின் வரி அடி வரி முடியும் இடத்தில் முடிவதில்லை; அது அடுத்த சுற்றுக்குள் நீண்டுவிடுகிறது. சுழற்சியின் தையல் கேட்பவருக்குத் தெரியாமல் போவது இந்த நுட்பத்தால்தான். ரே சார்ல்ஸ் 1961-இல் பாடிய ‘ஹிட் த ரோட் ஜாக்’ மான்டெவெர்டியின் நான்கு சுர இறக்கத்தின் மேலேயே நிற்கிறது. லெட் ஸெப்பலின் குழுவின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ 1971-இல் அரைச்சுர இறக்கத்தோடு தொடங்குகிறது. பாகெல்பெல்லின் புகழ்பெற்ற கேனனில் எட்டு சுரங்கள் கொண்ட அடி வரி 28 முறை வருகிறது. மூன்று வயலின்கள் ஒன்றையொன்று பின்தொடர்ந்து அதன் மேல் ஒரே மெட்டை வாசிக்கின்றன. கிரேக்கக் குழுவான அஃப்ரொடைட்ஸ் சைல்ட் 1968-இல் ‘ரெயின் அண்ட் டியர்ஸ்’ பாடலை அந்த அடி வரியின் மேல்தான் கட்டியது.

இறங்கும் பாஸ் வரி ஏன் இவ்வளவு வலுவாக நம்மை இழுக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அணுகிப் பார்க்கலாம். பாகின் மூன்றாம் ஆர்கெஸ்ட்ரா சூட்டில் உள்ள ‘ஏர்’ என்ற பகுதியில், முதல் வயலின் காந்தாரத்தில் தொடங்கி அதை அசையாமல் நீட்டிப் பிடிக்கிறது. அதன் அடியில் பாஸ் ஸ, நி, த, ப என்று படிப்படியாக இறங்குகிறது. மேல் சுரத்தின் அதிர்வெண் மாறவே இல்லை. ஆனால் பாஸோடு அதற்குள்ள விகிதம் 5:4, 4:3, 3:2, 5:3 என்று ஒவ்வொரு படியிலும் மாறுகிறது. நம் செவி சுரங்களைத் தனித்தனியாக அல்லாமல் அவற்றுக்கிடையிலான உறவாகவே உணர்வதால், ஒரே சுரம் முதலில் இனிமையாகவும், பின்னர் சற்று வெறுமையாகவும், அதன்பின் நிறைவாகவும், இறுதியில் ஏக்கமாகவும் நிறம் மாறுகிறது. புரோகால் ஹாரம் குழு 1967-இல் வெளியிட்ட ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாடலின் தொடக்கம் இதே உத்தியில்தான் இயங்குகிறது: ஹாமண்ட் ஆர்கன் காந்தாரத்தை நீட்ட, பாஸ் அதே ஸ, நி, த, ப வழியில் இறங்குகிறது. பாகின் மெட்டை அந்தக் குழு நகலெடுக்கவில்லை. அவர் கையாண்ட உத்தியை எடுத்துக்கொண்டு தன் மெட்டைத் தானே எழுதியது. அந்த ஆர்கன் மெட்டை உருவாக்கிய மேத்யூ ஃபிஷருக்குப் பாடலின் உரிமையில் பங்கு உண்டு என்று 2009-இல், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அந்த மெட்டை நீக்கிவிட்டால் பாடலின் பாதி உயிர் போய்விடும்.

இனி ஒலி நிறத்துக்கு வருவோம். ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால், சுத்தியல் தந்தியை அடிப்பதற்குப் பதிலாகச் சிறு இறகுத் தண்டு ஒன்று தந்தியைச் சுண்டிவிடுகிறது. தந்தியின் முனைக்கு அருகில் கூர்மையான முனையால் சுண்டும்போது, அடிப்படை அதிர்வெண்ணைவிட அதன் முழு எண் மடங்குகளான சீரிசைகள் மிகுதியாக எழுகின்றன. அந்த ஆற்றலில் கணிசமான பங்கு மனிதச் செவி மிக நுட்பமாக உணரும் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. பாஸ் கிட்டார் கீழ்ப் பகுதியை முழுவதும் நிரப்பியிருந்தாலும், ஹார்ப்சிகார்டின் ஒலி அதற்கு மேலே தெளிவாகத் தனித்து நிற்பதற்கு இதுவே காரணம். விரலை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் இறகு ஏறத்தாழ ஒரே அளவில்தான் சுண்டும் என்பதால், ஒலியின் உரப்பும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கும். பியானோவின் வருகைக்குப் பிறகு குறையாகப் பார்க்கப்பட்ட இந்தப் பண்பு, சிறிய வானொலிப் பெட்டியில் ஒரே உரப்பில் ஒலிக்க வேண்டிய பாப் பாடலுக்கு மிகவும் உகந்ததாயிற்று.

பீட்டில்ஸ் குழுவின் ‘இன் மை லைஃப்’ பாடலில் (1965) நடுவே வரும், பாகை நினைவூட்டும் தனி வாசிப்பைப் பலர் ஹார்ப்சிகார்ட் என்றே நம்புகிறார்கள். அது பியானோ. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே மெதுவாக வாசித்துப் பதிவுசெய்தார். நாடா இயல்பான வேகத்தில் ஓடியபோது எல்லா அதிர்வெண்களும் இரட்டித்து ஒலி ஒரு ஸ்தாயி ஏறியது. அதோடு, ஒவ்வொரு சுரமும் எழுவதற்கும் அடங்குவதற்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் பாதியாகக் குறைந்தது. ஒரு வாத்தியத்தை நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் சுரம் எழும் அந்த முதற்கணத்தையும் அது தேயும் விதத்தையும் கொண்டுதான். அவை இரண்டும் சுருங்கியதும், சுத்தியலால் அடித்த தந்தி சுண்டிய தந்தியைப் போல ஒலித்தது.

டிரம்பெட்டின் கதையும் இயற்பியலோடு பின்னியது. பாக் காலத்து டிரம்பெட்டுக்கு வால்வுகள் கிடையாது. இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள குழாயில் உதட்டின் இறுக்கத்தை மாற்றி, சீரிசை வரிசையில் உள்ள சுரங்களை மட்டுமே எழுப்ப முடியும். கீழே அந்தச் சுரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நிற்கின்றன. எட்டாவது சீரிசைக்கு மேல்தான் அவை மெட்டு வாசிக்கும் அளவுக்கு நெருங்குகின்றன. எனவே பரோக் இசையமைப்பாளர்கள் டிரம்பெட்டை அந்த உச்சத்திலேயே பாடவைத்தார்கள். சாதாரண டிரம்பெட்டில் பாதி நீளமே உள்ள இன்றைய பிக்கலோ டிரம்பெட், அதே உயரத்தைத் தாழ்ந்த சீரிசைகளில் பாதுகாப்பாக எட்டுகிறது. 1967 ஜனவரியில் டேவிட் மேசன் பாகின் இரண்டாம் பிராண்டன்பர்க் கன்செர்டோவை வாசித்ததைத் தொலைக்காட்சியில் கேட்ட பால் மெக்கார்ட்னி, அவரை அழைத்து ‘பென்னி லேன்’ பாடலில் வாசிக்கச் செய்தார். அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ‘எலினார் ரிக்பி’யில் நான்கு வயலின்கள், இரண்டு வயோலாக்கள், இரண்டு செல்லோக்கள் மட்டுமே துணை, ஒலிவாங்கிகளைத் தந்திகளுக்கு மிக அருகில் வைத்ததால் வில் உரசும் சத்தமே தாளமாகிவிட்டது.

எழுபதுகளில் இந்தக் கலப்பு ஒலிப்பதிவுக்கூடத்தின் அலங்காரத்திலிருந்து விலகி மின்கிட்டாருக்குள் புகுந்தது. என் மதிப்பீட்டில் அதன் மிகச் செழுமையான கட்டம் இதுவே. ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் இயக்கும்போது ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அதனால் புதிய சீரிசைகள் தோன்றுகின்றன. மென்மையான ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. சுரம் ஆர்கனைப் போல நீண்டு நிற்கிறது. ஆனால் இரண்டு சுரங்கள் சேர்ந்து இந்தச் சிதைவுக்குள் நுழைந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்களும் பிறக்கின்றன. ஸ-ப இணையின் விகிதம் 3:2 என்பதால் அதில் பிறக்கும் வேறுபாடு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஸ-வோடு ஒத்துப்போகிறது. ஸ-க இணையோ, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரிக்கும் கிட்டாரின் சமச்சுருதி முறையில் 5:4 விகிதத்திலிருந்து ஓர் அரைச்சுரத்தின் நூறில் 14 பங்கு விலகியிருப்பதால், அங்கே பிறப்பவை கரடுமுரடாக மோதுகின்றன. ஆகவே சிதைவு மிகுந்த கிட்டாரில் முழுக் கார்டு கலங்கிவிடும். கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வேகமாக வாசிப்பதே வழி.

அந்த வழியைப் பாக் முன்பே திறந்துவைத்திருந்தார். 1720-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியில் உள்ள அவருடைய தனி வயலின் படைப்புகளில், ஒற்றை வரி மேலும் கீழும் தாவித் தாவிச் சென்று, இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து பாடுவது போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறது. சில இடங்களில் ஒரே சுரம் தம்புராவின் சுருதியைப் போலத் திரும்பத் திரும்ப வர, அதற்கு மேலே மெட்டு நகர்கிறது. கனடாவின் உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன் 1971-இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தைத் தெளிவாக்கியது. உயர்ந்த சுரங்களும் தாழ்ந்த சுரங்களும் நொடிக்குப் பத்து என்ற வேகத்தில் மாறி மாறி வந்தால், மூளை அவற்றை ஒரே வரியாகக் கேட்பதில்லை; சுருதியில் நெருங்கியவற்றைத் தனித்தனி ஓடைகளாகப் பிரித்துக் கேட்கிறது. டீப் பர்ப்பிள் குழுவின் ரிச்சி பிளாக்மோரும், 1984-இல் முதல் தனி இசைத்தட்டை வெளியிட்ட ஸ்வீடன் நாட்டு இங்வே மால்ம்ஸ்டீனும் ராக் கிட்டாரில் வளர்த்த அதிவேக வாசிப்பு, செவியின் இந்தப் பண்பை முழுமையாகப் பயன்படுத்துகிறது.

எல்லாமே இப்படி எளிதாகக் கடந்துவந்துவிடவில்லை. பரோக் கலையின் சிகரமான ஃபியூகில் எந்தக் குரலும் தலைமைக் குரல் கிடையாது. ஒரே கருமெட்டை ஒவ்வொரு குரலும் முறைவைத்து எடுத்துக்கொள்கிறது. பாப் பாடலுக்கோ சொற்கள் தெளிவாகப் புரிய வேண்டும், அதற்கு ஒரு குரல் முன்னே நின்றாக வேண்டும். பீச் பாய்ஸ் குழு ‘காட் ஒன்லி நோஸ்’ (1966) பாடலில் இந்தச் சிக்கலை நுட்பமாகக் கையாண்டது: கதை சொல்லி முடித்த பிறகு, எல்லோரும் அறிந்துவிட்ட ஒரே வரியைக் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னுகின்றன. சொல் ஏற்கெனவே மனத்தில் பதிந்துவிட்டதால் அது மங்கினாலும் இழப்பில்லை. பிரிட்டனின் ஜென்டில் ஜயன்ட் குழு 1975-இல் இன்னும் துணிந்து, ‘ஆன் ரிஃப்ளெக்‌ஷன்’ பாடலை நான்கு குரல்களின் ஃபியூகாகவே தொடங்கியது. அங்கே சொற்களை முதல் முறையிலேயே பிடித்துவிட முடியாது. பாடலைப் பலமுறை கேட்டு, ஒவ்வொரு முறையும் வேறொரு குரலைப் பின்தொடர வேண்டியிருக்கிறது.