‘மோரோவர்’ போட்டால் புள்ளி வராது

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் போதும், கிளிநொச்சியில் ரியூசன் கொப்பிகளில் ஆங்கில இணைப்புச் சொற்களின் பட்டியல் ஒன்று சுற்றத் தொடங்கிவிடும்: மோரோவர் (மேலும்), ஃபேர்தர்மோர் (அத்துடன்), நெவதெலெஸ் (இருந்தும்), ஆன் த கொன்ரறி (அதற்கு நேர்மாறாக). “ஒவ்வொரு வசனத்தையும் இதில ஒன்றால தொடங்குங்கோ, புள்ளி கிடைக்கும்” என்று யாரோ சொல்லிவைக்கிறார்கள். ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு இதைத் திருத்தித் திருத்தியே அலுத்துவிட்டது. இந்தக் கிழமையும் இரணைமடுக் குளத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தமிழில் சொன்னால் இப்படி: ‘இரணைமடு கிளிநொச்சியில் இருக்கிறது. மோரோவர் அது பெரிய குளம். நெவதெலெஸ் விவசாயிகள் அந்தத் தண்ணீரை நம்பி வயல் செய்கிறார்கள்.’

அந்த நெவதெலெஸுக்கு அங்கே என்ன வேலை? குளம் பெரிது, ‘இருந்தும்’ அதை நம்பி வயல் செய்கிறார்கள் என்றல்லவா ஆகிறது! எழுதிய பிள்ளை கெட்டிக்காரி. தமிழில் ஒருநாளும் இப்படி எழுதமாட்டாள்.

இந்த இணைப்புச் சொற்கள் அலங்காரம் இல்லை. முன்னால் சொன்னதற்கும் அடுத்துச் சொல்லப்போவதற்கும் என்ன தொடர்பு என்று காட்டுவதுதான் அவற்றின் வேலை. தொடர்பே இல்லாத இடத்தில் போட்டால் வாசிப்பவர் குழம்பிப்போவார். ஏற்கெனவே ஒரு காரணம் சொல்லி, அதே பக்கத்துக்கு இன்னொன்று சேர்க்கும்போதுதான் மோரோவர். ஆன் த கொன்ரறி இதைவிட மோசமாகப் பாவிக்கப்படுகிறது. ‘இல்லை, அதற்கு நேர்மாறு’ என்று மறுக்கும்போதுதான் அது வரும். நகரத்தில் வசதி, கிராமத்தில் அமைதி என்று ஒப்பிட ஆன் தி அதர் ஹான்ட் போதும்.

ஓல்தோ போட்ட வசனத்தின் நடுவில் பட் போடாதீர்கள். ‘மழை பெய்தாலும் ஆனால் போனோம்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்களா? இரண்டு முழு வசனங்களைக் கமாவும் ஹவ்எவரும் (ஆனாலும்) போட்டு ஒட்டாதீர்கள். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு ஹவ்எவரில் தொடங்குங்கள், அதற்குப் பிறகு கமா.

பேச்சு வேறு. நேர்முகப் பரீட்சையில் ஃபேர்தர்மோர் என்று தடுமாறும் இளைஞர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. வெல், சோ, ஐ மீன் என்பவை பிழையான ஆங்கிலம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் பேச்சில் இவை பிழையில்லை. 1987இல் மொழியியலாளர் டெபோரா ஷிஃப்ரின் எழுதிய முக்கியமான நூல் ஆராய்ந்ததே இப்படிப்பட்ட சின்னச் சொற்களைத்தான்.

ரியூசன் நடத்துபவர்களே, தயவுசெய்து வெறும் பட்டியலைக் கொடுக்காதீர்கள். ஒரு பந்தியில் இருக்கும் இணைப்புச் சொற்களை எடுத்துவிட்டு, எங்கே எது வேண்டும், எங்கே ஒன்றுமே வேண்டாம் என்று பிள்ளைகளைச் சொல்லவிடுங்கள். பிள்ளைகளே, எழுதி முடித்ததும் ஒவ்வொரு மோரோவரையும் விரலால் மறைத்து வாசித்துப் பாருங்கள். ஒன்றும் குறையாவிட்டால் வெட்டிவிடுங்கள்.